‘எட்டாத இடத்தில் வைக்கவும்’ என்று அச்சிடுவோருக்கு ஒரு திறந்த மடல்

துப்புரவுத் திரவம், பூச்சி மருந்து, மாத்திரை, பேட்டரி, பெயின்ட் என்று வீட்டுக்குள் வரும் பொருள்களைத் தயாரிப்போருக்கும், அவற்றுக்குப் புட்டியும் மூடியும் வடிவமைப்போருக்கும், லேபிள் எழுதுவோருக்கும்,

வணக்கம்.

உங்கள் புட்டிகளின் பின்பக்கத்தில் தவறாமல் ஒரு வரி இருக்கிறது: ‘குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும்.’ சிலர் ‘செல்லப்பிராணிகளுக்கும்’ என்று சேர்த்திருக்கிறீர்கள். கழிப்பறை கழுவும் ஆசிடிலும் இதே வரி, கைகழுவும் சோப்புத் திரவத்திலும் இதே வரி. முன்னது ஒரு மிடறு உள்ளே போனாலே உணவுக்குழாயை வேகவைத்துவிடும். பின்னது பெரும்பாலும் ஒருமுறை வாந்தி எடுக்கவைத்துவிட்டு அடங்கிவிடும். இரண்டுக்கும் ஒரே எச்சரிக்கை, அதே அளவு எழுத்து என்றால், படிக்கிறவர் இரண்டையும் ஒன்றாகத்தான் நினைப்பார். நஞ்சு உட்கொண்ட கைக்குழந்தைகளுக்கும் நாய் பூனைகளுக்கும் சிகிச்சை தருவது எங்கள் தொழில். அந்த ஒரு வரியை நம்பி எத்தனை வீடுகள் ஏமாறுகின்றன என்பதை அறிந்தவர்கள் என்ற முறையில் இதை எழுதுகிறோம்.

எட்டாத இடம் என்று எது? ஆறேழு மாதத்தில் குழந்தை கையில் கிடைத்ததையெல்லாம் வாய்க்குக் கொண்டுபோகும். அப்போது அதற்கு எட்டுவது தரையும் அதற்கு மேலே ஒரு சாணும்தான். ஒன்பது பத்து மாதத்தில் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து, கட்டிலடியில் உருண்டுபோன மாத்திரையைப் பொறுக்கிவிடும். அதே மாதங்களில் மேசை விளிம்பைப் பிடித்து எழுந்து நிற்கும். ஒன்றரை வயதில் ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறும். இரண்டு வயதில் சாதாரணத் திருகு மூடி அதற்கு ஒரு விளையாட்டு. நேற்று எட்டாத இடம் இன்று எட்டும் இடமாகிவிடுகிறது. பூனைக்கோ உயரம் ஒரு பொருட்டே இல்லை. நாய்க்கு மூடி ஒரு பொருட்டே இல்லை.

இன்னொன்றும் இருக்கிறது. ஆபத்து நேர்வது பல வேளைகளில் பொருள் அலமாரிக்குள் இருக்கும்போது அல்ல, அது வெளியே இருக்கும்போதுதான். தரை துடைக்க ஒருவர் புட்டியைத் திறந்து, ஒரு மூடி அளவு வாளியில் ஊற்றி, மூடியைப் பக்கத்தில் வைக்கிறார். தொலைபேசி அடிக்கிறது. அந்த ஒன்றரை நிமிடம் போதும். எனவே நீங்கள் சொல்லித்தர வேண்டியது இடத்தை மட்டும் அல்ல, வரிசையையும்: திற, ஊற்று, மூடு, பூட்டு, அதன் பிறகே வேலையைத் தொடங்கு. அளக்கும் கிண்ணமாக மூடியையே வடிவமைத்திருக்கிறீர்கள். அளந்து முடிக்கும்வரை புட்டி திறந்தே கிடக்கும் என்பதை யோசித்தீர்களா? உடலை அழுத்தினால் மேலே உள்ள சிறு அறையில் 20 மில்லி மட்டும் ஏறி நிற்கும் புட்டிகள் இருக்கின்றன. ஆபத்தான திரவங்களுக்கு அவற்றைப் பயன்படுத்தலாமே.

மூடியைப் பற்றிச் சற்று விரிவாகப் பேச வேண்டும். ‘குழந்தைகள் திறக்க முடியாத மூடி’ என்று விளம்பரம் செய்கிறீர்கள். அந்தப் பெயரை எந்தச் சோதனை தருகிறது என்பது வாங்குகிறவருக்குத் தெரியாது. அமெரிக்காவில் 1970இல் வந்த நச்சுத் தடுப்புப் பொதிச் சட்டத்தின்கீழ் உள்ள விதி இது: 42 முதல் 51 மாதம் வரை வயதுள்ள குழந்தைகளிடம் புட்டியைக் கொடுக்கிறார்கள். 5 நிமிடம் விடுகிறார்கள். திறக்காதவர்களுக்குப் பேசாமல் ஒருமுறை திறந்து காட்டி, பல்லையும் பயன்படுத்தலாம் என்று சொல்லி, இன்னும் 5 நிமிடம் தருகிறார்கள். இறுதியில் நூற்றுக்கு 80 குழந்தைகளால் திறக்க முடியாவிட்டால் மூடி தேறிவிடும். ஐஎஸ்ஓ 8317 என்ற பன்னாட்டுத் தரமும் இதே போக்கில்தான் சோதிக்கிறது. அப்படியென்றால் தேறிய மூடியையும் நூற்றில் 20 குழந்தைகள் வரை பத்து நிமிடத்தில் திறந்திருக்கலாம். அது நேரத்தைக் கடத்தும் மூடி, தடுத்து நிறுத்தும் மூடி அல்ல. இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அந்த நேரம் பல உயிர்களைக் காத்திருக்கிறது. ஆனால் அதை நேர்மையாக அச்சிடுங்கள்: ‘இந்த மூடி குழந்தையைத் தாமதப்படுத்தும், தடுக்காது. பூட்டி வையுங்கள்.’

மூடி கெட்டுப்போவதும் உண்டு. அழுத்தித் திருகும் வகையில் உள்மூடி, வெளிமூடி என இரண்டு. வழிந்த திரவம் இரண்டுக்கும் இடையே காய்ந்து இறுகினால், அழுத்தாமலேயே மூடி திரும்பத் தொடங்கிவிடும். மூடிய பிறகு அழுத்தாமல் எதிர்ப்பக்கம் திருகிப் பார்க்க வேண்டும். ‘கடகட’ என்று வெறுமனே சுற்றினால்தான் மூடி வேலை செய்கிறது என்று பொருள். இந்தச் சோதனைக்கு இரண்டு விநாடி போதும். எந்த லேபிளிலும் இதை நாங்கள் பார்த்ததில்லை. முதியவர்கள் கிழமை வாரியாக மாத்திரை போட்டு வைக்கும் பெட்டிகளோ பெரும்பாலும் நகத்தால் தட்டினாலே திறக்கும். நாய் விஷயத்தில் மேற்சொன்ன சோதனைக்கு மதிப்பே இல்லை. கடித்தால் நொறுங்கும் பிளாஸ்டிக்குக்கு மூடி எப்படித் திறக்கிறது என்ற கேள்வியே எழாது. மாத்திரைப் புட்டி குலுங்கும் ஓசை நாய்க்கு விளையாட்டுப் பொருளின் ஓசை.

அடுத்தது, மாற்றி ஊற்றுவது. இதற்கு நீங்களும் ஒரு காரணம். ஐந்து லிட்டர் கேனிலும் பையிலும் மலிவாக விற்கிறீர்கள். அதைத் தூக்கி ஊற்ற முடியாதவர்கள் குடிநீர்ப் புட்டியில் மாற்றுகிறார்கள். மண்ணெண்ணெய், பெயின்ட் தின்னர், டர்பன்டைன் எல்லாம் அப்படித்தான் குடிநீர்ப் புட்டிக்குள் போகின்றன. தண்ணீர் போலத் தெளிவாக, தண்ணீர் இருக்க வேண்டிய இடத்தில். இவற்றால் வயிற்றுக்கு வரும் கேட்டைவிட நுரையீரலுக்கு வரும் கேடு பெரிது. இவை மிக இளகிய திரவங்கள். விழுங்கும்போது புரையேறி ஒரு மில்லி அளவு மூச்சுக்குழாய்க்குள் இறங்கினாலும் நுரையீரல் முழுக்கப் படர்ந்து அழற்சியாகிவிடும். அதனால்தான் வாந்தி எடுக்க வைக்கவே கூடாது. ஒருமுறை தொண்டை வழியாக இறங்கியது மறுபடி ஏறும்போது, மூச்சுக்குழாய்க்குள் போக இரண்டாவது வாய்ப்பைக் கொடுக்கிறோம். குடித்தவுடன் இருமல், மூச்சடைப்பு, வேகமான மூச்சு தெரிந்தால் உடனே மருத்துவமனை. அறிகுறி ஒன்றுமே இல்லாவிட்டாலும் ஆறு மணி நேரம் மருத்துவக் கண்காணிப்பு வேண்டும். பெரிய கேன் விற்பவர்கள், அதே லேபிள் ஒட்டிய, பூட்டு மூடி கொண்ட ஒரு லிட்டர் காலிப் புட்டியைக் கூடவே கொடுங்கள். மாற்றி ஊற்றாதே என்று அச்சிடுவதைவிட, மாற்றி ஊற்றச் சரியான புட்டியைத் தருவது பலன் தரும்.

இதே வகைத் திரவம் எல்லார் வீட்டிலும் தவழும் குழந்தையின் கண்மட்டத்தில் இருக்கிறது. யாரும் அதை அப்படிப் பார்ப்பதில்லை. மின் இணைப்பில் செருகும் கொசுவிரட்டித் திரவத்தைச் சொல்கிறோம். பூச்சிக்கொல்லி அதில் சிறு பங்குதான், மீதி பெரும்பாலும் மண்ணெண்ணெய் வகைக் கரைப்பான். புட்டியை இயந்திரத்திலிருந்து திருகிக் கழற்றுவது குழந்தைக்குக் கடினமில்லை. உள்ளே திரி, உறிஞ்சினால் வரும். எச்சரிக்கையெல்லாம் அட்டைப்பெட்டியில் அச்சாகிறது. பெட்டி அன்றே குப்பைக்குப் போகிறது. செருகியில் தொங்கும் சின்னப் புட்டியில் நிறுவனத்தின் பெயர் மட்டும் பளிச்சென்று மிஞ்சும். பூட்டிக்கொள்ளும் திருகு, கழற்ற முடியாத திரி, புட்டியிலேயே எச்சரிக்கை: மூன்றும் உங்களால் ஆகக்கூடியவை. வீட்டார் செய்யக்கூடியது, தரையிலிருந்து ஒன்றரை மீட்டருக்கு மேலுள்ள செருகியில் மட்டும் போடுவது, தீர்ந்த புட்டியை மூடியிட்டு அன்றே அப்புறப்படுத்துவது.

பட்டன் பேட்டரிக்கு வருவோம். எங்களைக் கேட்டால் வீட்டிலுள்ள பொருள்களில் முதலில் பூட்டப்பட வேண்டியது இதுதான். சிஆர்2032 என்று எழுதியிருப்பதற்கு 20 மில்லிமீட்டர் விட்டம், கைக்குழந்தையின் உணவுக்குழாயில் கச்சிதமாகச் சிக்கும் அளவு. உள்ளிருப்பது கசிவதால்தான் புண் ஆகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். கசியவே வேண்டாம். ஈரச் சதை இரு பக்கமும் தொட்டதும் 3 வோல்ட் மின்சுற்று முழுமையாகிவிடும். எதிர்மின்முனைப் (மைனஸ்) பக்கத்தில் காஸ்டிக் சோடாவைப் போன்ற கடும் காரம் உருவாகிச் சதையைக் கரைக்கும். இரண்டு மணி நேரத்தில் ஆழமான புண். பேட்டரியை எடுத்த பிறகும் புண் உள்ளே பரவிக்கொண்டே போய், சில நாள்கள், சில வாரங்கள் கழித்து மூச்சுக்குழாயிலோ பெருந்தமனியிலோ துளை விழலாம். ரிமோட்டை இயக்க முடியாத அளவுக்குத் தீர்ந்த பேட்டரியிலும் இதைச் செய்யப் போதிய மின்னழுத்தம் மிச்சமிருக்கும். ‘தீர்ந்துபோனதுதானே’ என்று மேசையில் போட்டு வைப்பவர்களுக்கு இதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

விழுங்கியதை யாரும் பார்க்காவிட்டால் கண்டுபிடிப்பது கடினம். எச்சில் வடிதல், சாப்பிட மறுத்தல், இருமல், கரகரத்த மூச்சு: சளி என்றே நினைக்கத் தோன்றும். எக்ஸ்ரேயில் நாணயம் போலத் தெரியும். விளிம்பில் இரட்டை வளையம் இருந்தால் அது பேட்டரி. ஒரு வயதுக்கு மேற்பட்ட குழந்தை விழுங்கி 12 மணி நேரத்துக்குள் என்றால், விழுங்கவும் முடிகிறதென்றால், மருத்துவமனைக்குப் போகும் வழியில் 10 நிமிடத்துக்கு ஒருமுறை 10 மில்லி தேன், அதிகபட்சம் ஆறு முறை கொடுக்கலாம். தேன் பேட்டரியைச் சுற்றிப் படிந்து புண்ணின் வேகத்தைக் குறைக்கும். தேன் தேடிக் கிளம்பத் தாமதிக்கக் கூடாது. ஒரு வயதுக்குக் குறைந்த குழந்தைக்குத் தேன் கூடாது. வேறு எதையும் தின்னவோ குடிக்கவோ கொடுக்கக் கூடாது, வாந்தியும் எடுக்க வைக்கக் கூடாது. மூக்கில் காதில் சிக்கினாலும் இதே அவசரம்தான், அங்கே சொட்டு மருந்து விடக் கூடாது.

இந்தப் பேட்டரி ரிமோட்டில் மட்டுமா? காய்ச்சல் பார்க்கும் கருவி, சமையலறைத் தராசு, கார் சாவி, மின்மெழுகுவத்தி, பாட்டுப் பாடும் வாழ்த்து அட்டை. ரிமோட் கீழே விழுந்தால் மூடி ஒருபக்கம், பேட்டரி ஒருபக்கம். திருகாணி போட்ட மூடி, அதுவும் தளர்த்தினாலும் கழன்று விழாத திருகாணி வேண்டும். விற்கும் அட்டையும் கத்தரிக்கோல் இல்லாமல் திறக்க முடியாததாக இருக்க வேண்டும். கழற்றிய பேட்டரியின் இரு பக்கமும் ஒட்டுநாடா சுற்றி உடனே வெளியே போட வேண்டும் என்று அட்டையிலேயே படம் போடுங்கள். நாய் சாதாரண பென்சில் பேட்டரியைக் கடித்து உடைத்தால் அதன் காரம் நாக்கையும் அண்ணத்தையும் புண்ணாக்கும். அந்தப் புண் முழுதாக வெளியே தெரிய அரை நாள் ஆகலாம்.

வலுவான சிறு காந்தங்களையும் இங்கேயே சொல்லிவிடுகிறோம். ஒன்று விழுங்கினால் பெரும்பாலும் வெளியே வந்துவிடும். இரண்டு என்றால் குடலின் இரு மடிப்புகளுக்கு அப்பாலிருந்து ஒன்றையொன்று இழுத்து, நடுவே சிக்கிய குடற்சுவரைத் துளைத்துவிடும்.

விலங்குகளைப் பற்றி உங்கள் லேபிள்கள் கிட்டத்தட்ட ஊமை. ‘செல்லப்பிராணி’ என்று ஒரே சொல்லில் நாயையும் பூனையையும் பறவையையும் அடைத்துவிடுகிறீர்கள். பூனையின் கல்லீரலில் மனிதருக்கும் நாய்க்கும் உள்ள ஒரு நச்சு நீக்கும் வழி மிகப் பலவீனமானது. அதனால் பாராசிட்டமால் பூனைக்கு நஞ்சு. உடல் எடையில் கிலோவுக்கு 10 மில்லிகிராம் அளவிலேயே நஞ்சேறியிருக்கிறது. 4 கிலோ பூனைக்கு ஒரு 500 மில்லிகிராம் மாத்திரை கொடுத்தால் கிலோவுக்கு 125. ஈறு பழுப்பாகும், முகமும் பாதமும் வீங்கும், மூச்சு வாங்கும். காய்ச்சல் என்று அன்போடு கால் மாத்திரை உடைத்துக் கொடுப்பவர்கள் கெட்டவர்கள் அல்லர், யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. நாய்க்கான உண்ணி மருந்தில் உள்ள பெர்மெத்ரினும் இதே கதைதான். கழுத்தில் விடும் சொட்டு மருந்துகளில் அது செறிவாக இருக்கும். பூனைக்கு விட்டால், அல்லது மருந்து விட்ட நாயோடு அது ஒட்டிப் படுத்தால், நடுக்கமும் வலிப்பும் வரும். அட்டையின் முன்பக்கத்தில் குறுக்குக் கோடு போட்ட பூனைப் படம் ஒன்று இருந்தால் போதும்.

பூனை எதையும் குடிக்கவும் வேண்டாம். துடைத்த தரையில் நடந்து பாதத்தை நக்கும். பென்சால்கோனியம் குளோரைடு உள்ள தரைத் திரவம் அப்படி நாக்குக்குப் போனால், சில மணி நேரம் கழித்து நாக்கில் புண், எச்சில், உணவு மறுப்பு. தரைக்கும் இதற்கும் தொடர்பு இருக்கும் என்று அதற்குள் யாருக்கும் தோன்றாது. பீனால் வகைக் கறுப்புத் திரவங்களும் பூனைக்கு ஆகாதவை. சொன்ன அளவுக்கு மேல் ஊற்றினால் சுத்தம் அதிகமாகாது, படலம்தான் தங்கும். துடைத்த அறைக் கதவைத் தரை காயும்வரை சாத்தி வைக்க வேண்டும், தவழும் குழந்தைக்கும் அதே விதி. வாளியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மருந்தே கலக்காத வெறும் தண்ணீராக இருந்தாலும், தலை கனத்த குழந்தை எட்டிப் பார்த்துத் தலைகுப்புற விழுந்தால் எழ முடியாது. அடியில் 5 சென்டிமீட்டர் தண்ணீரே மூழ்கப் போதும்.

நாய்க்குச் சர்க்கரை இல்லாத சூயிங்கம் ஆபத்து. சைலிட்டால் என்ற இனிப்பு, கிலோவுக்கு 0.1 கிராம் அளவிலேயே நாயின் உடலில் இன்சுலினைச் சுரக்கவைத்து, பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் ரத்தச் சர்க்கரையைத் தாழ்த்திவிடும். கிலோவுக்கு அரை கிராம் என்றால் கல்லீரலும் போகலாம். 10 கிலோ நாய்க்கு ஒரு கிராம்: சில வகைகளில் இரண்டு மூன்று துண்டு. பற்பசையிலும் சத்து மாத்திரையிலும் இது இருக்கிறது. அதன் அளவை எழுத வேண்டும், ‘இயற்கை இனிப்பு’ என்று மறைக்கக் கூடாது. வண்டிகளின் கூலன்டில் உள்ள எத்திலீன் கிளைக்கால் இனிப்புச் சுவையுள்ளது. 4 கிலோ பூனைக்கு ஒரு தேக்கரண்டியை ஒட்டிய அளவே உயிரைப் பறிக்கும். தள்ளாட்டம் வந்து போய்விடும், சரியாகிவிட்டது என்று நினைப்பதற்குள் சிறுநீரகம் படிகத்தால் அடைபட்டுவிடும். முறிவு மருந்து பூனைக்கு மூன்று மணி நேரத்துக்குள் போய்ச் சேர வேண்டும். சிந்தியதை மணலிட்டு உறிஞ்சி எடுத்துவிட்டு, பிறகுதான் கழுவ வேண்டும். வெறுமனே தண்ணீர் ஊற்றினால் குட்டை பெரிதாகும், இனிப்பு அப்படியே இருக்கும்.

எலி மருந்தை ஒரே பொருள் என்று நினைப்பது ஆபத்தான தவறு. ரத்தம் உறைவதைத் தடுக்கும் வகையில் மூன்று முதல் ஐந்து நாள் வரை ஒன்றும் தெரியாது, பிறகுதான் ரத்தக் கசிவு. அதற்கு வைட்டமின் கே1 முறிவு மருந்தாக உண்டு, வாரக்கணக்கில் கொடுக்க வேண்டும். துத்தநாக பாஸ்பைடு வகை வயிற்று அமிலத்தோடு சேர்ந்து பாஸ்பீன் வாயுவாகும். நாய் வாந்தி எடுத்தால் அந்த வாயு பக்கத்தில் இருப்பவரையும் தாக்கும், சன்னல்களைத் திறந்து விலகி நிற்க வேண்டும். மஞ்சள் பாஸ்பரஸ் பசைக்கு முறிவு மருந்தே கிடையாது. முதல் வாந்திக்குப் பிறகு ஓரிரு நாள் நன்றாக இருப்பது போலத் தோன்றி, பின் கல்லீரல் செயலிழக்கும். பற்பசைக் குழாய் போன்ற ஒன்றில் அதை அடைத்து விற்பதை எங்களால் எந்த வகையிலும் ஏற்க முடியவில்லை. சிகிச்சையே வகையைப் பொறுத்தது. ஆகவே உள்ளிருக்கும் நஞ்சின் பெயர் வில்லையைச் சுற்றிய தாளிலேயே இருக்க வேண்டும். வீட்டில் குழந்தையோ நாயோ இருந்தால் பூட்டிய பொறிப்பெட்டிக்குள் அன்றி மருந்து வைக்கக் கூடாது. இயந்திரப் பொறி அதைவிட நல்லது.

வெள்ளை உருண்டைகளில் இன்னொரு குழப்பம். அந்துருண்டை நாஃப்தலீனாக இருக்கலாம், பாராடைகுளோரோபென்சீனாக இருக்கலாம். பக்கத்திலேயே கற்பூரமும் கிடக்கும். நாஃப்தலீன், சிவப்பணுக்களைக் காக்கும் ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ள குழந்தைக்கு ஒரே உருண்டையில் சிவப்பணுக்களை உடைக்கக்கூடியது. ஓரிரு நாள் கழித்து வெளிறல், கறுத்த சிறுநீர், மஞ்சள் காமாலை. அது போட்டு வைத்த துணியைத் துவைத்து வெயிலில் உலர்த்தாமல் பச்சிளம் குழந்தைக்குச் சுற்றுவதும் கூடாது. கற்பூரம் வேகமானது. சில நிமிடங்களிலேயே வலிப்பு வரலாம், ஒரு கிராம் சிறு குழந்தையைக் கொன்றிருக்கிறது. எது விழுங்கப்பட்டது என்று தெரியாதபோது மிச்சமுள்ள உருண்டையை வெறும் தண்ணீரில் போடுங்கள்: மிதந்தால் கற்பூரம். மூழ்கினால், 100 மில்லி வெதுவெதுப்பான நீரில் 35 கிராம் உப்பைக் கரைத்து அதில் போடுங்கள்: மிதந்தால் நாஃப்தலீன், மூழ்கினால் மற்றது. இதை ஒருவர் செய்து பார்க்கும்போதே இன்னொருவர் குழந்தையோடு கிளம்பிவிட வேண்டும்.

வலி நிவாரணித் தைலங்களில் உள்ள மெத்தில் சாலிசிலேட் தூய எண்ணெயாக இருந்தால் 5 மில்லியிலேயே சுமார் 7 கிராம் சாலிசிலேட் உண்டு. 325 மில்லிகிராம் ஆஸ்பிரின் மாத்திரை இருபதுக்கு மேல் விழுங்கியதற்குச் சமம். மணம் நல்லதாக இருப்பதும் புட்டி சின்னதாக இருப்பதும் ஏமாற்றுகின்றன.

மாத்திரை தயாரிப்போரிடம் ஒரு கணக்கைக் காட்ட வேண்டும். இரும்புச் சத்து மாத்திரை பெரும்பாலும் சிவப்பு, வழுவழுப்பு, மேலே இனிப்புப் பூச்சு. தாய் கர்ப்ப காலத்தில் வாங்கியது, குழந்தை தவழத் தொடங்கும்போது இன்னும் தலையணை அருகில் இருக்கும். ‘பெரஸ் சல்பேட் 200 மில்லிகிராம்’ என்று எழுதுகிறீர்கள். அதில் உலர் உப்பாக இருந்தால் இரும்பு 65 மில்லிகிராம். எங்களுக்கு வேண்டியது இந்த இரண்டாவது எண்தான். 10 கிலோ குழந்தைக்கு நான்கு மாத்திரை கிலோவுக்கு 26 மில்லிகிராம், வாந்தி பேதி தொடங்கும். பத்து மாத்திரை 65, உயிருக்கு ஆபத்தான எல்லை. முதல் ஆறு மணி நேர வாந்திக்குப் பின் குழந்தை தெளிந்தது போல இருக்கும், வீட்டுக்கு அழைத்துப் போகத் தோன்றும், போகக் கூடாது. மற்ற பல நஞ்சுகளை உறிஞ்ச மருத்துவமனையில் கொடுக்கும் கரித்தூள் இரும்பைப் பிடிக்காது. சர்க்கரை நோய்க்கான கிளிமிப்பிரைடு, கிளிபென்கிளமைடு, ரத்த அழுத்தத்துக்கான சில மாத்திரைகள் ஒன்றே ஒன்று போனாலும் கைக்குழந்தைக்கு அபாயம். சர்க்கரை சில மணி நேரம் கழித்தே விழக்கூடும், ஆகவே இரவு முழுக்கக் கண்காணிப்பு. விருந்தாளியின் கைப்பை தரையில் இருக்கக் கூடாது என்று நாங்கள் சொல்வது இந்த மாத்திரைகளுக்காகத்தான்.

துணி துவைக்கும் திரவத்தை மிட்டாய் நிறத்தில் மெத்தென்ற உறையில் அடைத்து விற்கிறீர்கள். அந்த உறை ஈரம் பட்டால் கரையும்படி செய்யப்பட்டது. குழந்தையின் உள்ளங்கையும் வாயும் ஈரம்தான். கடித்ததும் செறிந்த திரவம் அழுத்தத்தோடு பீறிட்டுத் தொண்டைக்கும் கண்ணுக்கும் போகும். சாதாரணச் சலவைத்தூளில் நாங்கள் காணாத மயக்கமும் மூச்சுத் திணறலும் இதில் வருகின்றன. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை இருக்கும் வீட்டுக்கு இது வேண்டாம் என்று வெளிப்படையாக எழுதுங்கள். விற்பனை குறையும். குறையட்டும்.

அதே நேரம், சிலிக்கா ஜெல் சின்னப் பைகளில் ‘தின்னாதே’ என்று பெரிய எழுத்தில் அலறுகிறீர்கள். அது பெரும்பாலும் நஞ்சில்லாதது, தொண்டையில் சிக்குவதுதான் கவலை. அதே போன்ற தோற்றமுள்ள ஆக்சிஜன் உறிஞ்சிப் பையில் இரும்புத் தூள் இருக்கிறது, அதைத் தின்னும் நாய்க்குத் தீங்கு வரலாம். இரண்டிலும் அதே சொற்கள்!

முதலுதவி வரிகளுக்கு வருவோம். ‘வாந்தி எடுக்கச் செய்யவும்’ என்று இன்னும் சில லேபிள்களில் இருக்கிறது, நீக்குங்கள். ஆசிடும் காரமும் இறங்கும்போது ஒருமுறை சுட்டது, ஏறும்போது மறுமுறை சுடும். உப்புத் தண்ணீர் கொடுப்பது அதனினும் மோசம், ரத்தத்தில் சோடியம் ஏறி அதுவே உயிரைக் குடிக்கும். ஆசிடுக்கு எதிராகச் சோடா, காரத்துக்கு எதிராக எலுமிச்சை என்று ‘சமன்’ செய்யவும் கூடாது, வெப்பமும் வாயுவும்தான் கிளம்பும். விரலில் ஈரத்துணி சுற்றி வாயில் மிச்சமிருப்பதைத் துடைத்தெடுக்க வேண்டும். கண்ணில் பட்டால் இமையை விரித்துப் பிடித்து, மெல்லிய ஓட்டத்தில் 15 முதல் 20 நிமிடம், கடிகாரம் பார்த்துக் கழுவ வேண்டும். தோலில் என்றால் முதலில் துணியைக் கழற்ற வேண்டும். பூனையை வீட்டில் எக்காரணத்தாலும் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. நாய்க்குக் கால்நடை மருத்துவர் சொன்னால் மட்டும். புட்டியைக் கொண்டு வாருங்கள், விழுங்கிய நேரத்தையும் குழந்தை அல்லது விலங்கின் எடையையும் சொல்லுங்கள், இந்த மூன்றும்தான் சிகிச்சையைத் தீர்மானிக்கின்றன. வலிப்பு, மூச்சுத் திணறல், நினைவு தப்புதல் இருந்தால் எதையும் தேடாமல் அவசர ஊர்தியை அழைக்க வேண்டும். நினைவில்லாதவரின் வாயில் ஒரு சொட்டும் ஊற்றக் கூடாது.

பிளீச்சையும் கழிப்பறை ஆசிடையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது என்றும் எழுதுங்கள். கசிந்து கலந்தால் குளோரின். தரையை ஒட்டித் தேங்கும் கனத்த வாயு அது. தவழும் குழந்தையும் படுத்திருக்கும் நாயும் அந்த மட்டத்தில்தான் மூச்சு விடுகின்றன.

எங்கள் கோரிக்கையை மாதிரியாகவே எழுதிக் காட்டுகிறோம். கழிப்பறை கழுவும் ஆசிட் புட்டியின் முன்பக்கத்தில், உங்கள் பெயருக்குச் சமமான எழுத்தில், இப்படி இருக்கட்டும்:

‘ஹைட்ரோகுளோரிக் அமிலம், 10 சதவீதம். ஒரு மிடறு உணவுக்குழாயைச் சுடும். ஊற்றியதும் மூடு, மூடியதும் பூட்டு. மூடி குழந்தையைத் தாமதப்படுத்தும், தடுக்காது. நாய் புட்டியைக் கடித்து உடைக்கும். பீங்கானில் விட்ட நேரம் முழுக்கக் கழிப்பறைக் கதவைச் சாத்தி வை. வேறு புட்டிக்கு மாற்றாதே. பிளீச் பக்கத்தில் வைக்காதே. விழுங்கினால்: வாந்தி வேண்டாம், உப்பு நீர் வேண்டாம், வாயைத் துடை, புட்டியோடு மருத்துவமனைக்கு வா.’

ஐம்பது சொற்கள் கூட இல்லை. இப்போது அந்த இடத்தில் நீங்கள் அச்சிட்டிருக்கும் பூப்படத்தை எடுத்துவிட்டால் தாராளமாக இடம் கிடைக்கும். அடுத்த அச்சில் இதைச் செய்ய எந்தச் சட்டத்துக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. மூடியும் திருகாணியும் மாற அச்சு வார்க்கும் காலம் வேண்டும் என்பது தெரியும். அதற்கான நாளைக் குறித்து வெளிப்படையாக அறிவியுங்கள். எந்தப் பொருளுக்கு எந்தச் சொல், எந்த அளவு என்று உட்கார்ந்து எழுதித்தர நாங்கள் தயார்.

இப்படிக்கு,
நஞ்சு முறிவுச் சிகிச்சையில் பணியாற்றும் குழந்தை மருத்துவர்கள், கால்நடை மருத்துவர்கள், செவிலியர்கள்